பிளாக் அவுட்டில் சாம்பல் சதுரம்: மேடை வீடியோ மக்கர் பண்ணினால் எங்கே கைவைப்பது

சென்னையில் சின்ன நாடகக் குழுவுக்கு ஹால் கைக்கு வருவதே பிற்பகலில்தான். 2 மணிக்கு உள்ளே போய் செட் நிறுத்தி, லைட் கட்டி, மைக் பார்த்து முடிக்கும்போது 5 மணி ஆகிவிடும். 7 மணிக்கு ஷோ. ரசிகர்கள் உள்ளே வருகிற நேரம் போக வீடியோவுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதற்குள் ஏதாவது ஒன்று சரியாக வரவில்லை என்றால் உடனே ஒரு குரல் கேட்கும்: "பெரிய ப்ரொஜெக்டரா வாடகைக்கு எடுத்திருக்கணும்." பல வருடமாகக் குழுக்களுக்கு வீடியோ ஓட்டிக்கொடுக்கிறேன். கோளாறு பெரும்பாலும் ப்ரொஜெக்டரில் இருப்பதில்லை. மேடை வெளிச்சத்தில், துணியில், கேபிளில், இல்லாவிட்டால் லேப்டாப் செட்டிங்கில் இருக்கிறது. சரிசெய்ய அதிகக் காசும் வேண்டாம்.

நான் மனதில் வைத்துச் சொல்வது ஆபீஸ் மீட்டிங்குக்கு வாங்குகிற ரக ப்ரொஜெக்டர், வெளிச்ச அளவு 3000லிருந்து 3600 லூமன் வரை. கூடவே ஒரு சாதாரண லேப்டாப், வெள்ளைத் துணி, டேப். உங்கள் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டையும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

விளக்கெல்லாம் அணைந்த பிறகும் திரையில் சாம்பல் நிறச் சதுரம் தெரிகிறது

மேடை வீடியோவில் நாடகத்தையே கெடுக்கிற கோளாறு இதுதான். ஒரு சாவுக் காட்சி. அம்மாவாக நடித்தவர் கட்டிலில் சாய்கிறார், லைட் மெல்ல இறங்குகிறது, முழு இருட்டு. அந்த இருட்டின் நடுவே மங்கலாக ஒரு சதுரம் மட்டும் நிற்கிறது. முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் "இன்னும் ஏதோ படம் வரப்போகுது" என்று சொன்னது எனக்கே கேட்டது. அந்த அம்மாவின் சாவு அங்கேயே வீணாகிவிட்டது.

காரணம் எளிமையானது. ப்ரொஜெக்டருக்குக் கறுப்பு என்ற நிறம் கிடையாது. கறுப்புப் படம் போட்டாலும் விளக்கு உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கும். வெளிச்சத்தை முழுக்கத் தடுக்க அதற்குள் இருக்கும் சில்லால் முடியாது, கொஞ்சம் கசியும். ரிமோட்டில் படத்தை மறைப்பதற்காக இருக்கும் மியூட் பொத்தானும் பல மாடல்களில் கறுப்புப் படத்தைத்தான் போடுகிறது. அதனால் அதை அமுக்கினாலும் சதுரம் போகாது.

லென்ஸுக்கு முன்னால் ஒரு கதவு வேண்டும். லென்ஸை மூட கையால் தள்ளுகிற மூடி உங்கள் ப்ரொஜெக்டரிலேயே இருந்தால் நல்லது. ஆனால் அது மூடியபடியே அரை மணி நேரம் இருந்தால் தானாக அணைந்துவிடுகிற மாடல்கள் உண்டு. மெனுவில் அந்த டைமரைத் தேடி நிறுத்திவையுங்கள். மூடி இல்லாவிட்டால் நாமே செய்யலாம். கனமான கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று, ஒரு கீல், ஒரு நைலான் நூல். அட்டையின் மேல் விளிம்பைக் கீலில் தொங்கவிட்டு, லென்ஸிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு ஸ்டாண்டில் கட்டுங்கள். நூலை இழுத்தால் அட்டை மேலே போகும், விட்டால் தன் கனத்தில் விழுந்து மூடிக்கொள்ளும். லென்ஸை ஒட்டி வைக்காதீர்கள், சூடேறும். விழும்போது 'டப்' என்று சத்தம் வராமலிருக்க அடி விளிம்பில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். நூலை லேப்டாப் மேஜை வரை கொண்டுவந்து, இழுத்த நிலையில் மாட்ட ஒரு ஆணி. இவ்வளவுதான். பழகிவிட்டால் இந்த அட்டையை மெல்ல இறக்கி, ஃபேட் அவுட் மாதிரியே படத்தைக் கரைக்கலாம். நான் இன்றைக்கும் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

மெனுவில் மூன்று விஷயம் பாருங்கள். சிக்னல் இல்லாதபோது வரும் பின்னணி நீலமாக இருந்தால் கறுப்பாக மாற்றுங்கள். ஆரம்பத்தில் வரும் கம்பெனி லோகோவை நிறுத்துங்கள். படத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற ஆட்டோ கான்ட்ராஸ்ட் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இருட்டுக் காட்சியில் திரை மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும்.

ஆர்.எஸ். மனோகரின் மேடை நாடகங்களில் தந்திரக் காட்சிகளைப் பார்த்து வாய்பிளந்த ஊர் இது. மேடையில் ஒன்று திடீரென்று தோன்றுவதையும் மறைவதையும் நம் ரசிகர்கள் ஆசையாகப் பார்ப்பார்கள். படம் தோன்றும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சதுரம் தெரிந்துகொண்டிருந்தால் அந்த ஆச்சரியத்துக்கு இடமே இல்லை.

படம் வெளிறிப்போய்த் தெரிகிறது, நிறமே இல்லை

முதலில் மேடை லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். இருட்டில் நன்றாகத் தெரிந்தால் ப்ரொஜெக்டர் மேல் தப்பில்லை. அப்புறம் லைட்டை ஒவ்வொன்றாக ஏற்றச் சொல்லி, எதை ஏற்றும்போது படம் சாகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது முன்னாலிருந்து, பால்கனியிலோ ஹால் கூரையிலோ இருந்து நேராக அடிக்கிற பார் (PAR) லைட்டாக இருக்கும். நடிகர் முகத்துக்காகப் போட்ட வெளிச்சம் அவரைத் தாண்டி நேராகத் திரையில் விழுகிறது.

அந்தக் காட்சிக்கு மட்டும் முன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, விங்ஸிலிருந்து, அதாவது மேடையின் ஓர மறைப்புகளிலிருந்து, பக்கவாட்டு வெளிச்சம் போடுங்கள். பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் நடிகரைத் தொட்டுவிட்டு எதிர் விங்ஸுக்குப் போய்விடும், திரையைத் தொடாது. நடிகர் திரையிலிருந்து குறைந்தது 5, 6 அடி முன்னால் நிற்கட்டும். இதை லைட் போடுபவரிடம் ஷோ அன்றைக்குச் சொன்னால் அவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஒத்திகைக்கே அவரைக் கூப்பிட்டு, எந்த எந்தக் காட்சியில் படம் வருகிறது என்று உட்கார்ந்து பேசுங்கள். என் அனுபவத்தில் வீடியோ நன்றாக அமைந்த ஒவ்வொரு நாடகத்திலும் லைட் போட்டவரும் நானும் நண்பர்களாக இருந்திருக்கிறோம்.

அடுத்தது தரை. வெளிர் நிறத் தரை மேலே அடிக்கிற வெளிச்சத்தை அப்படியே திரைக்குத் திருப்பி அனுப்பும். திரைக்கு முன்னால் 4, 5 அடிக்குக் கறுப்புத் துணி விரித்தாலே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது படத்தின் அளவு. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்கு, வெளிச்சம் கால் பங்கு. 16 அடிக்குப் பெரிதாக்கி வெளிறிப்போன கடலைக் காட்டுவதைவிட, 8 அடி ஜன்னலில் பளிச்சென்று தெரிகிற கடல் மேல். எல்லா டைரக்டரும் மேடை அகலம் முழுக்கப் படம் கேட்பார்கள். இரண்டையும் போட்டுக் காட்டுங்கள், அவர்களே சின்னதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

வீடியோவிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. லேப்டாப்பில் அழகாகத் தெரிகிற இருட்டான காட்சி மேடையில் ஒன்றுமே தெரியாது. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் தாராளமாக ஏற்றி எடிட் செய்யுங்கள். மெல்லிய கோடு, சின்ன எழுத்து வேண்டாம்.

நடிகரின் நிழல் படத்தின் மேல் விழுகிறது

ப்ரொஜெக்டர் தாழ்வாக, நேர் எதிரில் இருக்கிறது. முடிந்தவரை உயரத்தில், செங்குத்தான கோணத்தில் வையுங்கள். அப்போது நிழல் நடிகரின் காலடியில் தரையில் விழுந்துவிடும். நடிகரைத் திரையிலிருந்து முன்னால் கொண்டுவருவதும் உதவும். உயரத்தில் கட்டினால் இரும்புச் சங்கிலியோ கம்பிக் கயிறோ போட்டு இரண்டாவது பிடிமானம் கட்டாயம் வேண்டும். கீழே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதுவும் முடியாத ஹாலில் திரைக்குப் பின்னாலிருந்து அடியுங்கள். தோல்பாவைக் கூத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதைத்தான்: விளக்கு பின்னால், துணி நடுவில், ரசிகர் முன்னால். ப்ரொஜெக்டர் மெனுவில் 'ரியர்' என்று மாற்றினால் படம் இடவலமாகத் திரும்பிக்கொள்ளும்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, இடம். ப்ரொஜெக்டரின் பெட்டியிலோ கையேட்டிலோ 'த்ரோ ரேஷியோ' என்று ஒரு எண் இருக்கும். தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் படத்தின் அகலம். எண் 1.5 என்றால் 12 அடி அகலத்துக்கு 18 அடி தூரம் வேண்டும். திரைக்குப் பின்னால் உங்களுக்கு 10 அடிதான் இருக்கிறது என்றால் ஏழடிகூட வராது. எண் 0.5 உள்ள ஷார்ட் த்ரோ ப்ரொஜெக்டர் 6 அடி தூரத்திலேயே 12 அடி தரும். பின்னாலிருந்து அடிப்பதாக இருந்தால் வாடகைக்கு அதைக் கேளுங்கள்.

இரண்டாவது, துணி. கனமான துணி வெளிச்சத்தை விழுங்கும். மிக மெல்லிய மல் துணி போட்டால் ப்ரொஜெக்டரின் லென்ஸே ஒரு சின்ன நிலா மாதிரி துணி வழியாக ரசிகர் கண்ணில் அடிக்கும். நடுத்தரமான, நெருக்கமாக நெய்த வெள்ளைக் காட்டன் துணி எனக்கு ஒத்துவந்தது. பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெருவுக்குப் போகும்போது செல்போன் டார்ச்சைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் துணியின் ஒரு முனையைத் தூக்கி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். புள்ளியாகத் தெரிந்தால் வேண்டாம். வெளிச்சம் துணி முழுக்கப் பரவித் தெரிந்தால் அதுதான் உங்கள் துணி. அப்படியும் நிலா தெரிந்தால் ப்ரொஜெக்டரைத் தரையில் வைத்து மேல்நோக்கி அடியுங்கள். லென்ஸையும் ரசிகர் கண்ணையும் இணைக்கிற நேர்க்கோடு உடைந்துவிடும். எழும்பூர் மியூசியம் தியேட்டர் மாதிரி இருக்கைகள் அரைவட்டமாகப் படியேறுகிற அரங்கில் மேல் வரிசையிலும் இரண்டு ஓரங்களிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவுசெய்ய வேண்டும்.

துணி ஃபேன் காற்றில் ஆடினால் கீழ் விளிம்பில் மடித்துத் தைத்து, உள்ளே ஒரு பி.வி.சி. குழாயைச் செருகுங்கள். சுருக்கத்துக்குக் கட்டிய பிறகு தண்ணீர் தெளித்து இழுத்துவிட்டால் போதும், காயும்போது நேராகிவிடும்.

படம் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல்

ப்ரொஜெக்டர் திரைக்கு நேராக இல்லை. கீஸ்டோன் பொத்தானுக்குக் கை போகும். கடைசியில் போகட்டும். அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறது. அந்த அளவுக்குத் தெளிவும் வெளிச்சமும் போகும். முதலில் ப்ரொஜெக்டரையே நகர்த்திப் பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் நான்கு காலைச் சுற்றியும் டேப்பால் குறி போட்டுவிடுங்கள்.

படம் மொத்தமாக மங்கல், ஃபோக்கஸ் வரவில்லை

ஏசி காரிலிருந்தோ ஏசி அறையிலிருந்தோ அப்போதுதான் எடுத்துவந்தீர்களா? நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த லென்ஸ் வியர்க்கும். துடைக்காதீர்கள். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

'நோ சிக்னல்'

பதற வேண்டாம், வரிசையாகப் போகலாம். லேப்டாப்பை ப்ரொஜெக்டர் பக்கத்திலேயே கொண்டுபோய், ஒரு சின்ன கேபிளில் மாட்டுங்கள். படம் வந்தால் குற்றவாளி நீளமான கேபிள். வராவிட்டால் ப்ரொஜெக்டரில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். அடுத்து லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானோடு 'பி' எழுத்தை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' போடுங்கள். அப்படியும் இல்லையென்றால் எல்லாவற்றையும் அணைத்து, கேபிளை மாட்டி, முதலில் ப்ரொஜெக்டர், அது சூடாகி வெளிச்சம் வந்த பிறகு லேப்டாப் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள இந்த வரிசை உதவும். டைப் சி அடாப்டர் போடுகிறவர்கள் அதைத் தொங்கவிடாமல் மேஜையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். ஷோ நடுவே படம் போய்ப் போய் வருவதற்கு ஆடுகிற அடாப்டர்தான் வழக்கமான காரணம்.

சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளை 10 மீட்டர் வரை நம்பலாம். 15 மீட்டரில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் கேபிள் திணறுகிறது என்று அர்த்தம். அவசரத்துக்கு ரெசல்யூஷனை 720க்கு இறக்கினால் புள்ளிகள் போய்விடும். ஹால் பின்சுவரிலிருந்து மேடை வரை இழுக்க வேண்டுமென்றால், ரிச்சி தெருவில் கேட் 6 நெட்வொர்க் கேபிள் வழியாகப் படம் அனுப்புகிற எக்ஸ்டெண்டர் ஜோடி கிடைக்கும். வாங்கும்போது இரண்டு முனைக்கும் மின்சாரம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேபிளை ஒருபோதும் நடைபாதையில் அப்படியே விடாதீர்கள். முழு நீளத்துக்கும் டேப் ஒட்டுங்கள்.

ரசிகர்களுக்கு டெஸ்க்டாப், மவுஸ் அம்பு, ஃபைல் பெயர் எல்லாம் தெரிகிறது

'டூப்ளிகேட்'டில் இருக்கிறீர்கள், லேப்டாப் திரை அப்படியே மேடைக்கும் போகிறது. 'எக்ஸ்டெண்ட்'டுக்கு மாறுங்கள். இரண்டாவது திரையின், அதாவது ப்ரொஜெக்டரின், வால்பேப்பரை வெறும் கறுப்பாக்குங்கள். நோட்டிஃபிகேஷன், ஸ்க்ரீன் சேவர், ஸ்லீப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு வைஃபையையும் அணைத்துவிடுங்கள்.

வி.எல்.சி. வீடியோ பிளேயர் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு விஷயம். படம் தொடங்கும்போது ஃபைல் பெயரைத் திரையில் காட்டுகிற பழக்கம் அதற்கு உண்டு. செட்டிங்கில் சப்டைட்டில் பகுதியில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். படம் முடிந்ததும் ஆரஞ்சு கூம்பு தெரியாமலிருக்க ஒவ்வொரு வீடியோவின் கடைசியிலும் ஒரு நிமிடக் கறுப்பைச் சேர்த்தே எடிட் செய்யுங்கள்.

அதைவிட நல்லது ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்கிற மென்பொருள். இலவசம். ஒவ்வொரு க்யூவுக்கும், அதாவது படம் மாற வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும், ஒரு சீன், முதல் சீன் வெறும் கறுப்பு. வலது கிளிக்கில் 'ஃபுல் ஸ்க்ரீன் ப்ரொஜெக்டர்' என்று இரண்டாவது திரைக்கு அனுப்பிவிட்டால் ரசிகர்களுக்குப் படம் மட்டும்தான் தெரியும். ஒரு சீனிலிருந்து அடுத்ததற்கு ஃபேட் ஆகும், அதற்கு ஷார்ட்கட் பொத்தான் வைக்கலாம். கணினிப் பழக்கமே இல்லாத குழு என்றால் பவர்பாயிண்ட் போதும். ஒரு க்யூவுக்கு ஒரு ஸ்லைடு, இரண்டு க்யூவுக்கு நடுவே ஒரு கறுப்பு ஸ்லைடு. அதில் ஓடிய நல்ல நாடகங்கள் உண்டு.

வீடியோ திக்குகிறது

பென் டிரைவிலிருந்து ஓட்டுகிறீர்களா? எல்லாவற்றையும் லேப்டாப்புக்குள் காப்பி செய்யுங்கள். செல்போனில் 4கே எடுத்த வீடியோவா? ப்ரொஜெக்டரின் சொந்த அளவைக் கையேட்டில் பார்த்து, ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில் அந்த அளவுக்கு, எச்.264 வடிவத்துக்கு மாற்றுங்கள். பழைய ப்ரொஜெக்டர்களின் அளவு 1024×768, 1280×800 இப்படித்தான் இருக்கும். அதற்கு 4கே அனுப்பிப் பலனில்லை, லேப்டாப்புக்குத்தான் மூச்சு வாங்கும்.

சத்தம் ஸ்பீக்கரில் வரவில்லை, அல்லது 'ம்ம்ம்' என்று இரைகிறது

எச்.டி.எம்.ஐ. மாட்டியதும் லேப்டாப் சத்தத்தை ப்ரொஜெக்டரின் குட்டி ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடும். சவுண்ட் ஐகானில் போய்த் திரும்ப மாற்றுங்கள். இரைச்சல் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் அது எர்த் சுற்று, இரண்டு கருவிகளின் எர்த் வயர்கள் வழியாகச் சுற்றிவருகிற இரைச்சல். லேப்டாப்பையும் மிக்ஸரையும் ஒரே ப்ளக் போர்டில் மாட்டுங்கள், போகவில்லையென்றால் மைக்காரரிடம் டி.ஐ. பாக்ஸ் கேளுங்கள், லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே மாட்டுகிற சின்னப் பெட்டி அது. எர்த் முனையை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், உயிர் போகும்.

நடு ஷோவில் ப்ரொஜெக்டர் அணைந்துவிட்டது

மார்கழியில் சபாக்கள் கச்சேரிக்குப் போய்விடும், நமக்கு ஹால் கிடைப்பது கோடையில். வெப்பம்தான் முதல் சந்தேகம். பின்னால் ஃபில்டரைத் திறந்து தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். வெளிச்சம் கசிகிறதென்று கறுப்புத் துணியால் போர்த்தி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். காற்று வருகிற, போகிற இரண்டு பக்கமும் ஓரடி இடம் வேண்டும்.

இரண்டாவது கரண்ட். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடிதான். ஆனால் பல்பு வைத்த ரக ப்ரொஜெக்டர் அணைந்தால் ஆறும்வரை திரும்ப எரியாது, சில நிமிடம் போய்விடும். ஒரு சின்ன யூ.பி.எஸ். இந்த இடைவெளியைக் கடத்திவிடும். ப்ரொஜெக்டர் எத்தனை வாட் என்று பார்த்து, அதைத் தாங்குகிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

செட்டில் வரைந்த ஜன்னலுக்குள் படம் சரியாக உட்காரவில்லை

படத்தைப் பொருளின் வடிவத்துக்குள் பொருத்துகிற மேப்பிங் மென்பொருள் இல்லாமலே செய்யலாம். ப்ரொஜெக்டரை அதன் கடைசி இடத்தில் வைத்து, வெற்று ஸ்லைடைத் திரையிட்டு, மவுஸால் ஜன்னலின் விளிம்பையே நேரில் பார்த்துப் பார்த்து வரையுங்கள். உள்ளே வெள்ளை, வெளியே கறுப்பு. அந்த ஸ்லைடைப் படமாகச் சேமித்து, ஓ.பி.எஸ்.ஸில் வீடியோவுக்கு மாஸ்க் ஃபில்டராக வைத்தால், படம் ஜன்னலுக்குள் மட்டும் தெரியும். அப்புறம் ப்ரொஜெக்டரை யாரும் தொடக்கூடாது. ஒரு விரல் நகர்ந்தாலும் ஜன்னலுக்குள் பெய்ய வேண்டிய மழை சுவரில் பெய்யும்.

ஒத்திகையில் சரியாக இருந்தது, ஷோவில் நடிகரும் படமும் ஒட்டவில்லை

திரையில் மகன் வீடியோ காலில் பேசுகிறான், மேடையில் அப்பா பதில் சொல்கிறார். ஒத்திகையில் கச்சிதம். ஷோவில் அப்பாவின் ஒரு வசனத்துக்கு ஹாலே சிரித்தது, அவர் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார், மகன் காத்திருக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு பதிலும் ஒரு கேள்வி தள்ளி வந்தது. அந்த நடிகர் வியர்த்துப்போய்த் திரையையே திரும்பித் திரும்பிப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தப்பு அவருடையது இல்லை. நான் மூன்று நிமிடப் பேச்சை ஒரே ஃபைலாகக் கொடுத்திருந்தேன்.

நம் சபா ரசிகர்கள் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள், ஒவ்வொரு ஷோவிலும் வேறு இடத்தில். அதனால் படப்பிடிப்பின்போதே மகனாக நடிப்பவரை ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் பத்துப் பதினைந்து வினாடி பேசாமல், கேட்டுக்கொண்டிருப்பதுபோல் கேமராவைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் சிமிட்டட்டும், தலையாட்டட்டும். அப்புறம் ஒவ்வொரு வசனத்தையும் தனித் துண்டாக வெட்டுங்கள்: பேசுகிற துண்டு, கேட்கிற துண்டு. கேட்கிற துண்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். மேடையில் அப்பா வாக்கியத்தை முடித்ததும் பொத்தானைத் தட்டுங்கள், மகன் பதில் சொல்வான். சிரிப்பு எவ்வளவு நீண்டாலும் மகன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருப்பான்.

பொத்தானைத் தட்டுகிறவருக்கு வசனம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கணினி தெரிந்த யாரோ ஒருவரைக் கடைசி வாரம் கூப்பிடுவதைவிட, குழுவில் முதல் நாளிலிருந்து ஒத்திகைக்கு வருகிற ஒருவருக்கு இதைக் கற்றுக்கொடுங்கள். நாங்கள் இப்போது ஒத்திகை முதல் வாரமே பழைய லேப்டாப் ஒன்றை ஒத்திகை நடக்கிற இடத்தின் மூலையில் வைத்துவிடுகிறோம். படம் தயாராகாத காட்சிக்கு 'இங்கே மழை' என்று எழுதிய ஸ்லைடு வரும். போன நாடகத்தில் ப்ராம்ப்ட் செய்துகொண்டிருந்த, அதாவது மறைவிலிருந்து வசனம் எடுத்துக்கொடுத்த, பெண்தான் பொத்தானும் தட்டினார். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.